புதுப் பூனையும் பழைய பூனைகளும்

படலையடியிலே ஒரு கடதாசிப் பெட்டி கிடக்கின்றது. உள்ளே, பிறந்து சில கிழமைகளே ஆன பூனைக்குட்டியொன்று கத்திக்கொண்டிருக்கின்றது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதனை அள்ளியெடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து, விறாந்தையிலே உறங்கிக்கொண்டிருக்கும் வீட்டுப் பூனையின் முகத்துக்கு நேரே இறக்கி விடுகின்றனர். "உனக்குத் தம்பி வந்திருக்கிறான், பார்!" என்று அறிமுகமும் செய்து வைக்கின்றனர். அடுத்த கணம் ஒரு சீறல், ஓர் அறை, அலுமாரிக்குக் கீழே ஓர் ஓட்டம். எம் நாட்டிலே பூனை வளர்க்கும் வீடுகள் பலவற்றிற் புதுப் பூனையின் பிரவேசம் இவ்வாறுதான் நிகழ்கின்றது.

இதன்பின் நடப்பதும் பலர் அறிந்ததே. ஒன்றில், பழைய பூனை கோபித்துக்கொண்டு அயல்வீட்டுக் குசினியிற் குடியேறிவிடும். அன்றேல், "இது சரிவராது" என்று வீட்டுப் பெரியவர் தீர்ப்புக் கூற, குட்டி மறுபடியும் பெட்டியில் ஏறிச் சந்தைக்கோ கோயில் வீதிக்கோ போய்ச் சேரும். ஒருமுறை எறியப்பட்ட குட்டி நல்லூழாற் பிழைத்தது. இரண்டாம் முறையும் அந்த நல்லூழ் வாய்க்குமென்று எவரும் உறுதி கூற முடியாது. ஆகவே, இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதியென்று வாசகர்கள் எண்ணற்க. முதல் மூன்று நான்கு கிழமைகளில் வீட்டார் காட்டும் பொறுமையிலே ஓர் உயிர் தங்கியிருக்கின்றது.

குற்றம் பூனைகளுடையதன்று. விருந்தினர் வந்தால் வாசலுக்குச் சென்று வரவேற்று, கதிரை கொடுத்து, தேநீர் கொடுப்பது எமது வழக்கம். புது மருமகள் வீடு புகும்போது ஆலாத்தி எடுக்கின்றோம். அதே வழக்கத்தைப் பூனையும் கைக்கொள்ளுமென்று எதிர்பார்த்தல் முறையன்று. எமது வீட்டுப் பூனைகளின் மூதாதையர், வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இன்றும் வாழும் ஒருவகைக் காட்டுப் பூனைகள். அவை தனித்து வேட்டையாடுவன. சிங்கத்தைப் போலக் கூட்டமாகச் சென்று இரைதேடுவன அல்ல. ஓர் எலியை இரண்டு பூனைகள் பங்கிட்டுப் பசியாற முடியாதன்றோ? சைப்பிரஸ் தீவிலே ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழியொன்றில், மனித எலும்புக்கூட்டுக்கு மிக அருகே பூனையொன்றின் எலும்புக்கூடும் கிடந்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2004இல் வெளியிட்டனர். அத்துணை நெடிய உறவிலே மனிதனோடு வாழப் பூனை கற்றுக்கொண்டது. முன்பின் அறியாத வேறொரு பூனையோடு வாழ அது இன்னும் முற்றாகக் கற்றுக்கொள்ளவில்லை. தாயும் மகளும், தமக்கையும் தங்கையுமாகிய பூனைகள் ஒன்றன் குட்டிக்கு மற்றது பால் கொடுத்து ஒற்றுமையாய் வாழ்வதுண்டு. அஃது உறவின்முறை. படலையால் வந்த குட்டியோ அந்நியம்.

அந்நியம் என்பதைப் பூனை கண்ணால் அறிவதிலும் மூக்கால் அறிவதே அதிகம். கன்னம், மோவாய், நெற்றி, வாலின் அடி, பாதங்களின் அடி ஆகிய இடங்களிலே அதற்கு மணஞ்சுரக்கும் சுரப்பிகள் உள. கதவு நிலையிலும் மேசைக்காலிலும் உங்கள் காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சுவதற்கு மாத்திரமன்று. "இஃது எனது" என்று முத்திரையிடுவதுமாம். வாயை அரைவாசி திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, எதையோ அருவருத்தாற் போல நிற்கும் பூனையைக் கண்டிருப்பீர்கள். மேலண்ணத்திலுள்ள தனியுறுப்பொன்றினால் அப்போது அது மணத்தைச் சுவைத்துப் பார்க்கின்றது. பல்லாண்டு ஒரே பாயிற் படுத்துறங்கிய இரு பூனைகளில் ஒன்றைக் காலையில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் மாலையில் திரும்பக் கொண்டுவந்தால், மற்றது அதனைப் பார்த்துச் சீறுவதுண்டு. கண்ணுக்கு அதே பூனை. மூக்குக்கு மருந்து மணக்கும் அந்நியன். கூடப்பிறந்ததையே இவ்வாறு மறக்குமாயின், பெட்டியிலிருந்து இறங்கிய குட்டியின் கதி யாது? ஆதலின், புதுப் பூனையின் முகத்தைக் காட்டுமுன் அதன் மணத்தை வீட்டுக்குள் உலாவ விடுதல் வேண்டும். கீழே நாம் கூறுவன யாவும் இதன் விரிவே.

முதலில் வேண்டுவது கதவுள்ள ஓர் அறை. மேனாட்டு நூல்கள் இதனை ஒரே வரியிற் சொல்லிவிட்டு அப்பாற் செல்கின்றன. அங்கே கதவைச் சாத்தினால் அறை மூடப்பட்டதாகும். எம்மூர் ஓட்டு வீடுகளின் சங்கதி வேறு. சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் வெளி இருக்கும். யன்னலிற் கம்பி இருக்கும். கம்பிக்கிடையே குட்டி நுழைய இடமும் இருக்கும். காற்றுக்கென்று கதவுக்கு மேலே விட்ட துளைகள் இருக்கும். பழைய பூனை வளையில் ஏறியிருந்து கீழே பார்த்து உறுமிக்கொண்டிருக்குமானால், கதவு சாத்தியும் சாத்தாததே. அத்தகைய வீட்டார், சிறிதாயினும் மேலே தட்டு அடிக்கப்பட்ட அறையொன்றைத் தெரிந்தெடுக்க. சாமான் அறை போதும், குளியலறையும் ஆகும். யன்னலுக்குக் கோழிவலை அடிக்கலாம். அதுவும் இயலாவிடின், நன்றாகக் கழுவி வெயிலிற் காயவைத்த கோழிக்கூடொன்றை மூன்று பக்கமும் சாக்கினால் மறைத்து, பழைய பூனைகள் அதிகம் புழங்காத மூலையில் வைக்கலாம். தொடர்மாடி வீடுகளிற் குடியிருப்போருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆயின், அங்கே பழைய பூனை வெளியே போய்க் கோபம் ஆறிவர வளவும் இல்லை.

அறைக்குள் தண்ணீர், உணவு, மணல் நிரப்பிய தட்டு, ஒளிந்துகொள்ள ஓரிடம் ஆகியன இருத்தல் வேண்டும். வந்த பெட்டியையே ஒரு பக்கமாகச் சாய்த்து, பழந்துணி விரித்துவிட்டால் அதுவே ஒளிவிடமாகும். மணல் தட்டை உணவுக்கு எதிர்மூலையில் வைக்க. உண்ணும் இடத்தருகே மலங்கழிக்கப் பூனை விரும்பாது. பல பூனைகள் உள்ள வீட்டிலே தட்டுகள் எத்தனை வேண்டுமெனின், பூனைகளின் தொகையிலும் ஒன்று கூடுதலாக என்பது மிருக வைத்தியர்கள் கூறும் கணக்கு. வளவிலே கத்தரிப் பாத்தி உள்ள வீட்டாருக்கு இக்கணக்கு வேண்டியதில்லை. அதுபற்றி அவ்வீட்டு அம்மாமார் கொண்டுள்ள மனக்குறையையும் நாம் அறிவோம்.

தனியறைக்கு மற்றொரு நியாயமும் உண்டு. தெருவிலிருந்து வந்த குட்டி நோயையும் கொண்டுவரக்கூடும். பான்லியூக்கோபீனியா எனப்படும் வைரசு நோய் பூனைக்குட்டிகளைச் சில நாட்களுக்குள் கொன்றுவிடும். சோர்வு, வாந்தி, வயிற்றோட்டம் என்பன அதன் குறிகள். அதன் கிருமி தரையிலும் துணியிலும் ஓராண்டு வரைகூட அழியாது கிடக்கவல்லது. தொற்றிய பூனை பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் குறி காட்டிவிடும். ஆகவே தனியறை வாசம் இரண்டு கிழமைக்குக் குறையாதிருத்தல் நன்று. பிறந்து 6 அல்லது 8 கிழமையில் முதல் தடுப்பூசியும், பின்னர் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறையாக நான்கு மாதம் நிறையும்வரை அடுத்த ஊசிகளும் போடப்படும். விசர்நோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதளவிற் போடப்படுவது. பழைய பூனைகளின் ஊசிகள் காலங்கடந்துள்ளனவா என்றும் இவ்வேளையிற் பார்த்துக்கொள்க. விசர்நோய் நாயினால் மாத்திரம் வருவதென்று நம்புவோர் இன்னும் உளர். பூனையின் கடியாலும் கீறலாலும் அது வரலாம். குறி தோன்றியபின் அதற்கு மருந்தில்லை. தெருக்குட்டி பிள்ளையைக் கடித்துவிட்டால், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. நாளை பார்ப்போம் என்று இருந்துவிடல் ஆகாது.

குட்டி இரண்டொரு நாள் பெட்டிக்குள்ளேயே பதுங்கியிருக்கும். பின்னர் உண்ணத் தொடங்கும். அப்பொழுது துணி வேலையைத் தொடங்கலாம். பழைய பருத்திச் சேலைத் துண்டொன்றினாற் குட்டியின் கன்னங்களை மெதுவாகத் துடைத்து, அத்துண்டைப் பழைய பூனை உலாவும் இடத்திலே, உணவுத் தட்டுக்குச் சற்று எட்டப் போட்டு விடுக. பழைய பூனையின் கன்னத்தைத் துடைத்த துண்டு குட்டியின் அறைக்குப் போகட்டும். பழைய பூனை துண்டை முகர்ந்து சீறினால் திகைக்க வேண்டுவதில்லை. துண்டை எடுத்துவிடவும் வேண்டுவதில்லை. அது அங்கேயே கிடக்க, நாளைக்கொன்றாகப் புதுத்துண்டு இடுக. சீறாமல் அதனைத் தாண்டிப் போகும் நாளொன்று வரும். அதன்மேலே படுத்துறங்கிவிட்டால் மிகவும் விசேஷம். மூன்று நான்கு பூனைகள் உள்ள வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்துண்டு வேண்டும். அவற்றுள் எது சாதுவோ அதனைக்கொண்டே முதலில் தொடங்குக. எல்லாவற்றையும் ஒரே நாளிற் கூட்டிவைத்தல் குட்டியைப் பகைவர் நடுவிலே நிறுத்துதலை ஒக்கும்.

அடுத்தது உணவு. பூட்டிய கதவின் இருபுறமும் இரண்டு தட்டு வைத்து, ஒரே நேரத்தில் உணவிடுக. அவித்த நெத்தலியின் மணத்துக்கு முன்னே எந்தப் பூனையின் கோபமும் சற்றுத் தணியும். முதல்நாள் தட்டுகளைக் கதவிலிருந்து ஆறடி எட்ட வைத்தால், அமைதியாக உண்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓரடி கிட்டக் கொண்டுவரலாம். உண்ணாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றால் மறுநாள் தட்டைப் பின்னே நகர்த்துக. "அந்தப் புது மணம் வரும்போதெல்லாம் நெத்தலியும் வருகின்றது" என்னும் எண்ணம் இவ்வாறு மெல்லப் பதிகின்றது. குட்டிக்குப் பசும்பால் வைப்பது எம்மவர் வழக்கம். வயிற்றோட்டத்துக்கு அதுவே காரணமாதல் உண்டு. தண்ணீரும், முள் நீக்கிய மீனும், குட்டிகளுக்கென விற்கும் உணவும் போதுமானவை.

இரண்டாம் கிழமை முடியுந் தறுவாயில், குட்டி நோயற்றிருக்கக் கண்டால், இடமாற்றம் செய்யலாம். பழைய பூனையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு குட்டியை ஒரு மணி நேரம் வீடு முழுவதும் உலாவ விடுக. அதே நேரத்திற் பழைய பூனை குட்டியின் அறையைச் சோதனை போடட்டும். அது மூலை மூலையாக முகர்ந்து நடத்தும் விசாரணையைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேடிக்கை.

முகம் காட்டுதல் இதன் பின்னரே. மரச்சட்டத்திலே கோழிவலை அடித்துக் கதவிடையில் நிறுத்தினால், ஒன்றையொன்று பார்க்கலாம், பிடிக்க முடியாது. உணவு வேளையிற் சில நிமிடம் போதும். இருவரும் தொடர்ந்து நாலைந்து நாள் சீறாமல் உண்டனராயின் வலையை எடுக்கலாம். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன வேளையே அதற்கு உகந்தது. குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு பழைய பூனையின் முன்னே நீட்டுதல் ஒருபோதும் ஆகாது. தப்பியோட வழியற்ற குட்டி ஏந்திய கையைத்தான் கீறும். நிலத்தில் விட்டு, ஒரு நூலிலே கட்டிய இறகை ஆட்டி இருவர் கவனத்தையும் அதிலே திருப்புக. நூலைப் பின்னர் எடுத்து வைத்துவிடுக. விழுங்கினாற் குடலைச் சிக்கவைக்கும். பத்து நிமிடத்திற் குட்டி மீண்டும் அறைக்குப் போகலாம். சண்டை வருமுன் முடித்துவிடுதலே நல்லது.

இவ்வேளையில் வீட்டார் எவ்வாறு இருக்க வேண்டும்? பூனை உலகிலே உற்றுப் பார்த்தல் சண்டைக்கு அழைப்பு. கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறத்தல் சமாதானக் குறி. இங்கிலாந்திலே சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் இவ்வாறு கண் சிமிட்டினாற் பூனைகளும் திரும்பச் சிமிட்டுவதும், கிட்ட வரத் துணிவதும் காணப்பட்டன. மத்தியானச் சாப்பாட்டின் பின் சாய்மனைக் கதிரையில் அரைக்கண் மூடிக் கிடக்கும் அப்புவின் மடியையே பூனைகள் தேடிப்போவதன் இரகசியம் இதுவாயிருக்கலாம். ஆரவாரஞ் செய்யும் பிள்ளைகளிலும் அப்பு ஒருவரே இக்காரியத்துக்குப் பெருந்துணை.

சீறலைச் சண்டையென்று கொள்ளற்க. அது "கிட்ட வராதே" என்னும் எச்சரிக்கை. குட்டி அதனை உணர்ந்து ஒதுங்கினால் ஒன்றும் நேராது. காதுகள் தலையோடு படிந்து, உடல் விறைத்து, அடித்தொண்டையிலே நீண்ட ஊளை எழுமாயின் அது வேறு. அப்பொழுது ஒரு சுளகையோ தலையணையையோ இருவருக்கும் நடுவே செலுத்துக. கையை நுழைத்தல் ஆகாது. வெறிகொண்ட பூனை கடிக்கும்போது யார் கை என்று பாராது. தண்ணீர் ஊற்றுவதும் ஈர்க்கால் அடிப்பதும் எம்மூரிற் பழகிப்போன பரிகாரங்கள். ஆனால் பூனை போடும் கணக்கு யாதெனின், இந்தப் புதியவன் வந்த நாள்முதல் எனக்கு அடியும் விழுகின்றது என்பதே. கடிபட்ட பூனையின் உடலை இரண்டு மூன்று நாள் தடவிப் பார்க்க வேண்டும். பல் பட்ட துளை சிறிது. அது மேலே மூடிக்கொள்ள, உள்ளே சீழ் கட்டும். வீக்கமும் காய்ச்சலும் கண்டால் மிருக வைத்தியரிடமே போக வேண்டும். பனடோல் கொடுக்கும் எண்ணமே வேண்டாம். மனிதருக்குரிய ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு இடும் தெள்ளு மருந்துகள் சிலவற்றிலுள்ள பெர்மெத்திரினும் அத்தன்மையதே.

சத்தமிட்டுப் போடும் சண்டையிலும், சத்தமின்றி நடக்கும் கொடுமையே எமக்கு அதிக கவலை தருவது. ஒரு பூனை வழியிலே சாவதானமாகப் படுத்திருக்கின்றது. மற்றது அப்பால் நிற்கின்றது. குசினிக்குப் போகவில்லை, மணல் தட்டுக்கும் போகவில்லை. பார்ப்பவர்கள் "இரண்டும் இப்போது சமாதானம்" என்று மகிழ்கின்றனர். உண்மையில் ஒன்று மற்றதைச் சிறைவைத்திருக்கின்றது. சில நாளிற் கட்டிலிலும் உடுப்பு மூட்டையிலும் மூத்திரம் காணப்படும். அடி விழுவதும் சிறைப்பட்டதற்கே. இதற்கு மருந்து அடியன்று, இடவசதி. உணவுத் தட்டுகள் ஒரே வரிசையில் வேண்டாம். ஒன்று குசினியில், ஒன்று பின்விறாந்தையில் இருக்கட்டும். மணல் தட்டுகளும் அவ்வாறே. அலுமாரியின் மேலே ஒரு சாக்கு விரித்து, ஏறுவதற்கு ஒரு பெட்டியும் வைத்தால், அஞ்சிய பூனைக்கு அரண் கிடைக்கும். பூனையொன்று இரண்டு நாளாக ஒன்றும் உண்ணவில்லையெனின், அதனைப் பிணக்கு என்று விட்டுவிடலாகாது. கொழுத்த பூனைகள் பட்டினி கிடந்தால் ஈரலிலே கொழுப்புப் படிந்து உயிருக்கே மோசம் வரும்.

எந்தப் பூனைக்கு எது ஒத்துப்போகும் என்பதிலும் சிறிது சிந்தனை வேண்டும். முதிர்ந்த பூனை குட்டியைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வளர்ந்த அந்நியனைப் பொறுப்பது அரிது. ஆனால் பன்னிரண்டு வயதுக் கிழப்பூனையின் வாலை நாள் முழுதும் பிடித்திழுக்கும் குட்டியினால் அதன் முதுமை நரகமாகும். இத்தகைய வீட்டிலே இரண்டு குட்டிகளாக எடுத்தல் ஒன்றிலும் இலேசு. அவை தமக்குள்ளே விளையாடிக் கிழத்தை விட்டுவிடும். கடுவன்கள் இரண்டெனின், விதையடித்தலின்றி ஒற்றுமை பேசுதல் வீண். கலிபோர்னியாவிலே ஹார்ட், பாரெட் என்போர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், விதையடித்த கடுவன்களிற் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு சண்டையைக் குறைத்துக்கொண்டன. பெட்டையோ நாலைந்து மாதத்திலேயே சினைப்படக் கூடியது; ஒன்பது கிழமையிற் குட்டி ஈனும். இந்த ஆண்டு படலையடிக் குட்டியை எடுத்து வளர்த்து, அடுத்த ஆண்டு அதன் குட்டிகளை வேறொருவர் படலையடியில் வைத்தல் என்ன நீதி?

எத்தனை நாளில் இவையெல்லாம் முடியும்? சில வீடுகளில் மூன்று கிழமை. சில வீடுகளில் ஆறு மாதம். மூக்கோடு மூக்கு உரசி, ஒன்றன் தலையை மற்றது நக்கிவிடும் நாள் வந்தால் மகிழ்ச்சி. அந்த நாள் வராமலே, ஒன்று முன்விறாந்தையிலும் மற்றது பின்விறாந்தையிலுமாக, ஒருவரையொருவர் காணாதவர் போல வாழ்ந்து முடிக்கும் பூனைகளும் பல. அதுவும் குடித்தனமே, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

எல்லாம் செய்தும் இரத்தக் காயமின்றி ஒரு நாளும் கழியவில்லையெனின், குட்டிக்கு வேறு வீடு தேடத்தான் வேண்டும். பூனையே இல்லாத வீடாக அது இருக்கட்டும். வேறு பூனை உள்ளதாயின், மேலே கூறிய யாவற்றையும் அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுக. வழி தெரியாதிருக்க வேண்டுமென்று சாக்கிற் கட்டிக்கொண்டு போகாமல், காற்றோட்டமுள்ள பெட்டியிலே, அது இதுவரை படுத்த துணியையும் கூடவைத்து, பகல் வேளையிற் கொண்டுபோய்க் கையிலே ஒப்படைக்க. தடுப்பூசித் துண்டையும் மறவாது கொடுக்க.